பல்லாங்குழியில் பாட்டியின் மாத்திரைகள்: மருந்தியல் மாணவர்களுக்கு ஒரு மூன்று மணி நேர விளையாட்டு

முதியோருக்கு எந்த மருந்து ஆகாது என்ற பட்டியலை மாணவர்கள் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். பியர்ஸ் பட்டியல் 1991-இல் வந்தது, 2023-இல் ஒருமுறை திருத்தப்பட்டது என்பது வரை தேர்வில் எழுதிவிடுவார்கள். அதே மாணவர் முன்னால் ஒரு பாட்டி மஞ்சப்பையைக் கவிழ்த்து, "இதுல எது எப்பப் போடணும்னு சொல்லுப்பா" என்று கேட்டால் கை நின்றுவிடும். பட்டியலுக்கும் பைக்கும் உள்ள அந்த இடைவெளிக்காகத்தான் விளையாட்டு. வெறும் தகவலைச் சொல்லிக்கொடுக்க விளையாட்டு எதற்கு? அதற்குக் கரும்பலகையே போதும், நேரமும் மிச்சம்.

அமெரிக்க மருந்தியல் கல்லூரிகளில் 1990-களிலேயே மாணவர்களை முதியவர்களாக நடிக்கவைத்து, மருத்துவரிடமும் மருந்துக்கடைக்கும் அலையவிடும் விளையாட்டு இருந்தது. இங்கே தருவது தமிழ்நாட்டு வகுப்பறைக்கு ஏற்ற வேறொரு வடிவம். நம்மூர் முதியவருக்கு மாத்திரை ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அரசு மருத்துவமனை, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவது, தனியார் மருத்துவர் எழுதியது, கடையில் சொல்லி வாங்கியது என்று பல பக்கமிருந்தும் வந்து ஒரே பையில் சேர்கிறது. சிக்கல் பெரும்பாலும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

பலகை ஏன் பல்லாங்குழி?

பல்லாங்குழியில் 14 குழிகள், இரண்டு வரிசை, வரிசைக்கு 7. ஏழு நாள், காலை, இரவு என்று வைத்தால் வாராந்திர மாத்திரைப் பெட்டி ஆகிவிடுகிறது. மர விளையாட்டுச் சாமான் கிடைக்காவிட்டால் 14 காகித டீ கப் போதும், அல்லது தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போடலாம். மதியத்துக்கு வரிசை கிடையாது. இது வேண்டுமென்றே விட்ட குறை. "மதியத்துக்கு எங்கே வைப்பது?" என்று எந்தக் குழு கேட்கிறதோ அதற்கு மட்டும் 7 கப் எடுத்துக் கொடுங்கள்.

ஃபார்ம் டி என்ற மருந்தியல் பட்டப்படிப்பு வகுப்பில் 30 பேர் என்று கொண்டால் ஐந்து பேராக ஆறு குழு. குழுவில் ஒருவர் பாட்டி, ஒருவர் மருமகள், இருவர் மருந்தாளுநர், ஒருவர் பதிவாளர். நாலு பேர் குழுவானால் பதிவாளரை விட்டுவிடலாம். பாட்டியை ஒருபோதும் விடக்கூடாது. ஆசிரியர்தான் மருத்துவர்.

மாத்திரைக்குப் பதில் விதைகள்

நிஜ மாத்திரை வேண்டாம், காலாவதியானதும் வேண்டாம். முப்பது பேர் கையில் புரண்டால் ஒன்றிரண்டு காணாமல் போவது உறுதி. கலர் கலரான சாக்லெட் மாத்திரைகளும் வேண்டாம். பாதி விளையாட்டில் தீர்ந்துவிடும், எறும்பும் வரும். விதைகளே நல்லது. ஆனால் குன்றிமணியைத் தவிருங்கள். அழகாக இருக்கும், ஆனால் உடைந்த விதை கடும் நஞ்சு. சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சாடி இருக்கிறது.

ஒரு குழுவுக்கு வேண்டியவை:

மெட்ஃபார்மின் 500 மி.கி. (சர்க்கரைக்கு), காலை, இரவு, அரசு மருத்துவமனை: மொச்சை 14
கிளிமிபிரைடு 1 மி.கி. + மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த சர்க்கரை மாத்திரை, காலை, தனியார்: கொண்டைக்கடலை 7
அம்லோடிபைன் 5 மி.கி. (ரத்த அழுத்தத்துக்கு), காலை: தோல் நீக்கிய முழு உளுந்து 7
தைராக்சின் 50 மைக்ரோகிராம், காலை வெறும் வயிற்றில்: அதே முழு உளுந்து 7
அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. (ரத்தக் கொழுப்புக்கு), இரவு: மஞ்சாடி 7
கால்சியம் 500 மி.கி., நாளுக்கு ஒன்று: புளியங்கொட்டை 7
அமிட்ரிப்டிலின் 10 மி.கி., இரவு: துவரை 7
அலெண்ட்ரோனேட் 70 மி.கி. (எலும்புத் தேய்மானத்துக்கு), வாரம் ஒன்று: சோழி 4
டைக்ளோஃபெனாக் 50 மி.கி. (வலி மாத்திரை), சீட்டில் இல்லாதது: காராமணி 10

மொத்தம் 70, ஆறு குழுவுக்கு 420. காராமணியை மேசையில் வைக்காதீர்கள். மஞ்சப்பைக்குள் ஒளித்து வையுங்கள், பெயரின் முன்பாதி வெட்டுப்பட்டுப் போன அட்டைத் துண்டோடு. அலெண்ட்ரோனேட் நாலு மாத்திரை அட்டையாக வருவதால்தான் சோழியும் நாலு. ஒரு வாரத்துக்கு ஒன்றுதான் வேண்டும் என்று தெரியாதவர் நாலையும் நாலு குழியில் போடுவார். நிஜத்தில் நடக்கும் தவறும் அதுதான்.

அம்லோடிபைனுக்கும் தைராக்சினுக்கும் ஒரே உளுந்து ஏன் என்று கேட்பார்கள். இரண்டும் பல நேரங்களில் சின்ன வெள்ளை மாத்திரைகள்; காகிதக் கவரில் உதிரியாக வந்தால் கவர்மேல் எழுதியதைத் தவிர வேறு அடையாளம் இல்லை. இரண்டு கவரையும் ஒரே நேரத்தில் மேசையில் கொட்டும் குழு அதோடு மாட்டிக்கொண்டது. பிரித்துக் கொடுக்காதீர்கள். ஒரு கவரைத் திறந்து, ஏழு குழியிலும் போட்டு, மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும் என்ற பழக்கம் அந்த ஒரு சங்கடத்தில் வந்துவிடும்.

பாட்டியின் சீட்டும் ஆய்வக அட்டையும்

பாட்டிக்கு 74 வயது, எடை 46 கிலோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சீரம் கிரியேட்டினின் 1.1 மி.கி./டெ.லி. ஆய்வக அட்டையில் இதற்குமேல் எதுவும் எழுதாதீர்கள். கணக்கு மாணவருடையது. 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வந்ததால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் காக்கிராஃப்ட்–கால்ட் முறையில் கிரியேட்டினின் கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 33 மி.லி. வரும். அதே 1.1 உள்ள, 70 கிலோ எடையுள்ள 25 வயது ஆணுக்கு 102 வரும். "கிரியேட்டினின் நார்மல்தானே" என்று சொல்லும் வாயை அடைக்க இதைவிடக் குறுகிய வழி இல்லை. இரண்டு கணக்கையும் பலகையில் அடுத்தடுத்துப் போடச் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கைப்பேசியில் 2021-ஆம் ஆண்டின் சி.கே.டி-எபி வாய்பாட்டைப் போட்டுப் பார்ப்பவருக்கு, அதே வேகத்தை வேறு வழியில் மதிப்பிடும் ஈ-ஜி.எஃப்.ஆர். 53 அளவில் வரும். ஒரே பாட்டிக்கு 33, 53 என்று இரண்டு எண். எது சரி என்று சண்டை நடக்கும். ஐந்து நிமிடம் நடக்கட்டும். அலெண்ட்ரோனேட்டின் விவரக்குறிப்பு கிரியேட்டினின் கிளியரன்ஸ் 35-க்குக் கீழே போனால் பரிந்துரைப்பதில்லை என்கிறது. ஆகவே அங்கே 33 பேசும், மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். மெட்ஃபார்மினின் வரம்பு ஈ-ஜி.எஃப்.ஆரில் சொல்லப்படுகிறது: 30-க்குக் கீழ் கூடாது, 30 முதல் 45 வரை புதிதாகத் தொடங்குவது பரிந்துரைக்கப்படுவதில்லை. 53 என்பதால் பாட்டிக்கு மெட்ஃபார்மினே ஆகாது என்பதில்லை. இரண்டு பெயரில் இரண்டு இடத்திலிருந்து வந்து, அவருக்கே தெரியாமல் நாளுக்கு 1,500 மி.கி. ஆகிவிட்டது என்பதுதான் சிக்கல். எந்த மருந்துக்கு எந்த எண் என்று மருந்தின் விவரக்குறிப்பே சொல்லும். அதைத் திறந்து பார்க்கவைப்பதே இந்த அட்டையின் வேலை.

பாட்டியாக நடிப்பவரிடம் மட்டும் ஒரு ரகசிய அட்டை. அதில் நாலு செய்திகள்: தைராய்டு மாத்திரையை விடியற்காலை ஐந்து மணிக் காப்பியோடு போடுகிறார், ஏகாதசியன்று சாப்பிடமாட்டார், ஆனால் சர்க்கரை மாத்திரையை விடமாட்டார், இரவு மாத்திரை நன்றாகத் தூங்கவைப்பதால் சில நாள் இரண்டு போடுவதுண்டு, முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை தினமும் உண்டு. "வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டால் பாட்டி "இல்ல" என்றே சொல்ல வேண்டும். "வலி வந்தா என்ன பண்ணுவீங்க பாட்டி?" என்று கேட்டால்தான் மாத்திரை வெளியே வரும். "காலையில எழுந்ததுலேருந்து சொல்லுங்க" என்று கேட்டால்தான் காப்பி வரும். மருமகளிடம் உள்ள அட்டையில் காப்பியும் ஏகாதசியும் மட்டும் இருக்கும்.

காசும் தேர்வும்

ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து சில்லு. ஆய்வக அட்டைக்கு 2, மருத்துவருக்கு ஒருமுறை போன் போட 2, மஞ்சப்பையைத் திறக்க 1, மருமகளிடம் பேச 1. கூட்டினால் ஆறு, கையில் இருப்பது ஐந்து. ஆறு கொடுத்தால் எல்லாவற்றையும் வாங்கிவிட்டு யோசிக்காமல் உட்காருவார்கள். நாலு கொடுத்தால் ஆய்வகத்தோடு போனும் போட்டுக் காலியாகி, பையைத் திறக்காமலே முடிப்பார்கள். ஐந்தில்தான் வாக்குவாதம் வருகிறது.

பாட்டியிடம் பேச மட்டும் காசு இல்லை. இதை விதியில் ஒருமுறை சொல்லுங்கள், பிறகு நினைவூட்டாதீர்கள். பாட்டியை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அவர் தலைக்குமேல் மருமகளோடும் மருத்துவரோடும் பேசும் குழு கட்டாயம் ஒன்றாவது இருக்கும். கடைசி உரையாடலுக்கு அந்தக் காட்சி போதும்.

போன் வரும்போது ஆசிரியர் அவசரத்தில் இருக்கும் மருத்துவர். குழுவுக்கு இரண்டு நிமிடம். "சார், ரெண்டு மாத்திரையிலயும் மெட்ஃபார்மின் இருக்கு" என்று மட்டும் சொன்னால் "சரி, பார்க்கிறேன்" என்று வைத்துவிடுங்கள். இரண்டு சில்லு போனது போனதுதான். யார் நோயாளி, என்ன சிக்கல், அதற்கு என்ன ஆதாரம், என்ன மாற்றலாம் என்று நாலும் இருந்தால் மட்டும் தீர்வு கொடுங்கள். ஒரு போனில் மூன்று சிக்கலுக்குமேல் கேட்காதீர்கள். எந்த மூன்று முக்கியம் என்று போனை எடுக்குமுன்னே அவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.

மூன்று மணி நேரம் எப்படிப் போகும்

முன்தேர்வுக்கு 15 நிமிடம், விதிகளுக்கு 10. பிறகு சீட்டையும் கவர்களையும் கொடுத்து 20 நிமிடத்தில் குழிகளை நிரப்பச் சொல்லுங்கள். இந்தச் சுற்றில் சில்லு இல்லை, பேச்சும் இல்லை. அடுத்த 30 நிமிடம் விசாரணை, போன். 20 நிமிடம் மறுபடி நிரப்புவது. 15 நிமிடம் நிகழ்வு அட்டைகள். 10 நிமிடம் தேநீர். 45 நிமிடம் உரையாடல், 15 நிமிடம் பின்தேர்வு. நேரம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் குறையுங்கள், அந்த 45 நிமிடத்தைத் தவிர.

மறுபடி நிரப்பியதும் பாட்டி இரண்டு ஜோடி கையுறை போட்டு, வாஸ்லைன் தடவிய பழைய பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை மாத்திரையை எடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி தானாகவே விழும். பல்லாங்குழியை எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவோம். மருந்தாளுநரின் இடப்பக்கம் தொடங்கும் ஞாயிறு, எதிரே இருக்கும் பாட்டிக்கு வலப்பக்கம். அவர் இடமிருந்து மூன்றாவதை எடுத்தால் அது வியாழன். தனக்கு அருகில் உள்ள வரிசையைக் காலை என்று நினைத்தால் இரவு மாத்திரை கையில் வரும். குழிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டாத குழு இப்படித்தான் தோற்கும். சொல்லிக்கொடுக்கும்போது பாட்டிக்குப் பக்கத்தில், ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதை எந்தப் புத்தகத்திலும் அடிக்கோடிட வேண்டாம், இதுவே போதும்.

காலைக் குழிக்குள் இன்னொரு சிக்கல். தைராக்சின் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. சர்க்கரை மாத்திரை சாப்பாட்டோடு. ஒரே குழியில் போட்டால் பாட்டி ஒரே மடக்கில் விழுங்கிவிடுவார். தைராக்சினைப் பெட்டிக்கு வெளியே தனியாக வைக்கும் குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். கால்சியம் தைராக்சினிலிருந்து நாலு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும்; மதியக் கப்போ இரவு வரிசையோ, இரண்டும் சரி.

நிகழ்வு அட்டைகள் நாலு போதும். இரவு இரண்டு மணிக்குக் கழிவறை போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்தார். ஏகாதசியன்று காலை பதினொரு மணிக்கு வியர்த்து, கை நடுங்குகிறது. மாத்திரை விழுங்கியதும் படுத்துவிட்டார், நெஞ்சு எரிகிறது. கணுக்கால் வீங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரர் தன் நீர் மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் குழு தன் பலகையில் காரணமான விதையைத் தொட்டுக் காட்ட வேண்டும்: துவரை, கொண்டைக்கடலை, சோழி, உளுந்து. இரண்டாவது விடையைக் காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். கணுக்கால் வீக்கத்துக்குக் காராமணியைத் தொடுபவர் தவறு செய்யவில்லை, டைக்ளோஃபெனாக்கும் நீரைத் தேக்கும்.

மதிப்பெண்

எல்லாக் குழுவும் 20-இல் தொடங்கும், தவறுக்குத் தவறு குறையும். அலெண்ட்ரோனேட் ஒன்றுக்கு மேற்பட்ட குழியில் இருந்தால் 5. இரட்டை மெட்ஃபார்மின் கண்ணில் படாவிட்டால் 4. டைக்ளோஃபெனாக் வெளியே வராவிட்டால் 4. அமிட்ரிப்டிலினைப் பற்றி யாரும் வாய் திறக்காவிட்டால் 3. வாய் உலர்தல், மலச்சிக்கல், குழப்பம், விழுதல் எல்லாம் அந்த ஒரு சின்ன மாத்திரையில் இருக்கின்றன. கால்சியமும் தைராக்சினும் ஒரே குழியில் என்றால் 3. பாட்டி தவறான குழியில் கை வைத்தால் 3.

மருத்துவரைக் கேட்காமல் தாங்களே ஒரு மருந்தை எடுத்து ஓரம் வைத்தால் 5. இது கடுமையாகத் தெரியலாம். பட்டியலைப் படித்துவிட்டு வந்த கெட்டிக்கார மாணவர்கள்தான் இதைச் செய்வார்கள். திடீரென நிறுத்தக்கூடாத மருந்துகள் உண்டு. அதோடு மருந்தை மாற்றும் அதிகாரம் கவுண்டரில் நிற்பவருக்கு இல்லை. வேகத்துக்கு மதிப்பெண் வைக்கவே வேண்டாம். வைத்தால் பாட்டியிடம் பேசுவதுதான் முதலில் வெட்டுப்படும்.

பரமபதம் போல் தாயம் உருட்டி ஆடும் வடிவங்களைப் பலர் விரும்புகிறார்கள், செய்வதும் எளிது. ஆனால் பாம்பு கடித்தது தாயத்தால், மாணவரின் முடிவால் அல்ல. அப்படி ஆடுவது வினாடி வினாவுக்குப் போட்ட வேஷம். பலகை ஏற்கெனவே செய்துவைத்திருந்தால் ஒரு விதியைச் சேருங்கள்: பாம்பின் வாயில் விழுந்தவர், காரணமான மருந்தையும் மாற்று வழியையும் சொன்னால் அங்கேயே நிற்கலாம்.

மீதி நேரத்துக்கு ஒரு சீட்டுக்கட்டு

பக்கவிளைவை நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு மற்றொன்று என்று வளரும் சங்கிலிக்கு ரம்மி மாதிரி ஓர் ஆட்டம் பொருந்தும். 24 சீட்டு, ஆறு சங்கிலி, ஒவ்வொன்றிலும் நாலு: மருந்து, அறிகுறி, இரண்டாம் மருந்து, புதுத் தொல்லை. அம்லோடிபைன், கால் வீக்கம், ஃபுரோசமைடு (நீர் மாத்திரை), இரவில் எழுந்து விழுவது. மெட்டோகுளோப்ரமைடு, கை நடுக்கமும் விறைப்பும், டிரைஹெக்சிஃபெனிடில், குழப்பம். டொனெபெசில் (மறதி நோய்க்கு), சிறுநீர் அடக்கமுடியாமை, ஆக்சிபியூட்டினின், மறதி கூடுவது. டைக்ளோஃபெனாக், ரத்த அழுத்தம் ஏறுவது, இன்னொரு பி.பி. மாத்திரை, தலைசுற்றல். எனலாப்ரில், வறட்டு இருமல், கோடீன் கலந்த சிரப், மலச்சிக்கல். பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு), சர்க்கரை ஏற்றம், கிளிமிபிரைடு, ஸ்டீராய்டை நிறுத்திய பிறகு சர்க்கரைத் தாழ்வு. மூன்று பேருக்கு ஆளுக்கு ஐந்து சீட்டு, மீதி நடுவில். நாலு சேர்ந்ததும் கீழே வைக்கலாம், ஆனால் எந்தச் சீட்டில் வெட்டினால் சங்கிலி அறும் என்று சொன்னால்தான் புள்ளி. இருபது நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடியும்.

உரையாடல்

முதலில் பேச வேண்டியவர் பாட்டி. "உங்களிடம் எத்தனை பேர் நேரடியாகப் பேசினார்கள்? எந்த நேரத்தில் எரிச்சல் வந்தது?" இரண்டே கேள்வி. மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. அதன் பிறகு பலகைக்கு வாருங்கள்: எந்தச் செய்திக்குக் காசு கொடுத்தீர்கள், அதில் எது இலவசமாகவே கிடைத்திருக்கும்? எதை விட்டதால் நிகழ்வு அட்டையில் மாட்டினீர்கள்? கேள்வி கேட்டுவிட்டு பத்து விநாடி சும்மா இருங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டாவது விநாடியிலேயே விடையைச் சொல்லிவிடுகிறார்கள்.

கூனிக் குறுகி, குரலை நடுக்கி நடிப்பது சிரிப்பை மூட்டும். அதை முதல் நிமிடத்திலேயே நிறுத்துங்கள். கண்ணாடியும் கையுறையும் போதும், நடிப்பு தேவையில்லை. காதில் பஞ்சு வைப்பதாயிருந்தால் வெளிப்பக்கம் மட்டும். காலணியில் பயறு போட்டு நடக்கவிடும் பயிற்சியும் உண்டு. அதைச் செய்தால் சமதரையில் மட்டும், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு. "அய்யோ பாவம்" என்ற இரக்கத்தோடு உரையாடல் முடிவதாகத் தெரிந்தால், எழுபதிலும் தன் எட்டு மாத்திரையைப் பிசகாமல் போடுபவர்கள் என்ன உத்தி வைத்திருக்கிறார்கள் என்று அடுத்த வாரத்துக்குள் தங்கள் வீட்டிலேயே கேட்டு வரச் சொல்லுங்கள். காலண்டரில் கோடு, பல் தேய்க்கும் இடத்தில் மாத்திரை, டிவி தொடரின் நேரம் என்று வகைவகையாக வரும்.

பின்தேர்வில் அதே பாட்டியை வைக்காதீர்கள். வேறொரு தாத்தா, வேறு சீட்டு, அதே வகைத் தவறுகள், பத்துக் கேள்வி. அதில் குறைந்தது மூன்று கணக்காக இருக்கட்டும். ஆட்டம் முடிந்த சூட்டில் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறும், அதை நம்ப வேண்டாம். ஆறு வாரம் கழித்து இன்னொரு தாத்தாவை வைத்துச் சொல்லாமல் ஒரு தேர்வு வையுங்கள். அதுவரை விதைகளை நன்றாகக் காயவைத்து, மூடி இறுகும் டப்பாவில் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் மொச்சைக்குப் பதில் வண்டுதான் இருக்கும்.